கடை லேப்டாப்பைத் தூசியிலிருந்து காப்பது எப்படி?



நம் கடைகளில் தராசு இருக்கிறது. அதை நாள்தோறும் துடைக்கிறோம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டு வாங்குகிறோம். குளிர்பெட்டி இருக்கிறது. அதன் பின்புறக் கம்பிகளில் ஒட்டடை சேர்ந்தால் தட்டிவிடுகிறோம். ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பை என்றாவது சுத்தம் செய்திருக்கிறோமா? மேல்மூடியைத் துண்டால் துடைப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று நம்மில் பலர் பார்த்ததே இல்லை. நானும் பார்க்காமல்தான் இருந்தேன். பார்க்க வேண்டிய நாள் வந்தது. அந்த அனுபவத்தையும், அதன்பின் கற்றுக்கொண்ட விவரங்களையும் இங்கே எழுதுகிறேன்.

20-ஆம் தேதி மாலை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் என் மளிகைக் கடை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் பில் போட லேப்டாப் வாங்கினேன். சில ஆண்டுகள் நன்றாக ஓடியது. பிறகு பில் போடுவது மெல்ல மெல்லத் தாமதமானது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நிற்கும். ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அடிப்பாகத்தில் கை வைத்தால் தோசைக்கல் போலச் சுட்டது. உள்ளே விசிறி ஓயாமல் இரைந்தது. பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் 20-ஆம் தேதி. மாதாந்தரக் கணக்கு தாக்கல் செய்யும் நமக்கெல்லாம் அது கடைசி நாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் கணக்கை எடுக்க உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் லேப்டாப் தானாக அணைந்தது. மறுபடி போட்டேன். பத்து நிமிடத்தில் அணைந்தது. மூன்றாவது முறை ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வரி கட்ட வேண்டியவர் ஒரு நாள் தாமதித்தாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதைவிடப் பெரிய பயம், கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதே என்பது. நல்லவேளையாக, முந்தைய வாரம் எடுத்த நகல் ஒரு பென் டிரைவில் இருந்தது. அதைக் கணக்காளரிடம் கொண்டு ஓடினேன். மீதி பில்களைக் கையால் கூட்டிச் சேர்த்து, இரவு பதினொரு மணிக்குத் தாக்கல் செய்தோம்.

மறுநாள் ஒருவர் சொன்னார், ஆயுள் முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று. நாற்பதாயிரம் ரூபாய் விலை. வாங்குமுன் இன்னொருவரிடமும் காட்டுவோம் என்று தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே அடிமூடியைக் கழற்றினார். விசிறிக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு போல ஒரு கனத்த அடை. கோதுமை மாவு, சாக்குத் தும்பு, மஞ்சள் தூள் எல்லாம் கலந்து, மஞ்சளும் பழுப்புமாக இருந்தது.

“அண்ணாச்சி, மெஷின்ல குறை ஒண்ணும் இல்லை. உங்க கடைதான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கு” என்றார் அந்தத் தம்பி.

சில நூறு ரூபாய் செலவு. ஒரு மணி நேர வேலை. அதன்பின் அந்த லேப்டாப் மூன்று ஆண்டுகள் உழைத்தது.

உள்ளே நடப்பது என்ன?

லேப்டாப்பின் மூளை வேலை செய்யும்போது சூடாகிறது. அந்தச் சூட்டை ஒரு செம்புக் குழாய் கடத்திக்கொண்டுபோய், சீப்புப் பற்கள் போல நெருக்கமான மெல்லிய தகடுகளில் சேர்க்கிறது. சிறு விசிறி அடிப்பாகத்துத் துளைகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் இடையே ஊதி, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுகிறது. காற்று தாராளமாகப் போகும்வரை எல்லாம் சரி. தகடுகளின் வாயில் தூசி அடைத்துக்கொண்டால், விசிறி எவ்வளவு சுற்றினாலும் சூடு வெளியே போகாது.

சூடு 100 டிகிரியை நெருங்கும்போது மூளை தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பில் தாமதமாவது இதனால்தான். அப்படியும் தணியாவிட்டால் தானாக அணைந்துவிடும். இது பழுது அல்ல, பாதுகாப்பு. ஆனால் இப்படியே பல மாதம் ஓட்டினால் விசிறி தேயும். பேட்டரியின் ஆயுள் குறையும். கடைசியில் போர்டே போகும்.

ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை 1960-களிலிருந்து இயங்கி வருகிறது. புழுதியில் ஓடும் டாங்கியின் எஞ்சினுக்குக் காற்று வடிகட்டி உண்டு. நம் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிக்கும் உண்டு. அதை அவ்வப்போது கழற்றித் தட்டுகிறார்கள். ஆனால் நாம் வாங்கும் சாதாரண லேப்டாப்புக்கு வடிகட்டி என்று எதுவும் கிடையாது. சுற்றிலும் இருக்கும் காற்று எதுவோ, அதுவே உள்ளே போகிறது. குளிர்பதன வசதி உள்ள அலுவலகத்தில் அது சுத்தமான காற்று. நம் கடையில்?

நம் பகுதிக்கு உள்ள கூடுதல் தொல்லை

சி.டி.எச். சாலை ஓரம் கடை வைத்திருப்பவர்களுக்கு லாரிப் புழுதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ ரயில் தூண்கள் எழும்பிய ஆண்டுகளில், காலையில் துடைத்த அலமாரியில் மாலையில் விரலால் பெயர் எழுத முடிந்தது. இது வெளித் தூசி.

கடைக்குள் பிறக்கும் தூசி இதைவிட மோசம். அரிசி மூட்டை பிரித்தால் தவிடு. சாக்கை உதறினால் தும்பு. மாவு பொட்டலம் கட்டினால் மாவு. மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் நிறுத்தால் காற்றில் நெடி. எண்ணெய் அளக்கும் இடத்தில் பிசுக்கு. காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை. எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் சேர்ந்தால் அது ஊதினால் போகும் தூசி அல்ல; ஒட்டிக்கொள்ளும் பசை. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால், உப்புத் தூள் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். வெல்லம், சர்க்கரைத் துகள் எறும்பை அழைத்து வரும்.

கரப்பான் பூச்சிக்கு வெதுவெதுப்பான, இருட்டான இடம் பிடிக்கும். லேப்டாப்பின் உட்புறம் அதற்கு ஏற்ற வீடு. பூச்சித் தொல்லை கம்ப்யூட்டருக்குப் புதிதல்ல. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 என்ற பெரிய கணிப்பொறிக்குள் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரும்பாலான லேப்டாப்புகள் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை இருக்கலாம் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. கத்திரி வெயிலில் நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கடை என்றால் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே திணறும் இயந்திரத்திற்குத் தூசியும் சேர்ந்தால் என்ன ஆகும்?

அடைப்பை அறிவது எப்படி?

மெக்கானிக்கிடம் போகாமலே நாமே அறியலாம். லேப்டாப் அரை மணி நேரம் ஓடியபின், காற்று வெளியேறும் துளை அருகே பில் சுருளிலிருந்து கிழித்த ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். விசிறி இரையும்போது காகிதம் நன்றாகப் படபடக்க வேண்டும். இரைச்சல் பலமாகவும் காகிதம் அசையாமலும் இருந்தால் அடைப்பு என்று பொருள். விசிறியே சுற்றவில்லை, ஆனால் அடிப்பாகம் கொதிக்கிறது என்றால் விசிறி பழுதாகியிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

தூசி கெடுத்த லேப்டாப்பை விட, தவறாகச் சுத்தம் செய்து கெடுத்த லேப்டாப் அதிகம் என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. ஆகவே முதலில் இதைப் படியுங்கள்.

பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம். பூந்தமல்லி பக்கம் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் என் உறவினர் ஒருவர், லாரி டயருக்குக் காற்றடிக்கும் குழாயை லேப்டாப்பில் வைத்தார். தூசி பறந்தது உண்மை. கூடவே விசிறியின் இறக்கையும் உடைந்தது. அந்தக் காற்றுத் தொட்டியின் அடியில் எப்போதும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் தேங்கியிருக்கும். அது திவலையாகப் போர்டில் தெறித்தது. உலருமுன் சுவிட்சைப் போட்டார். அத்தோடு போயிற்று. அவரிடம் கணக்கின் நகலும் இல்லை. மூன்று மாதக் கடன் பாக்கியை நினைவிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. எழுதியதில் எவ்வளவு விட்டுப்போயிற்றோ, அது அவருக்கே தெரியாது.

வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும். மிளகாய்த் தூள் உங்கள் கண்ணுக்குத் திரும்பி வரும்.

வீட்டில் உள்ள வாக்குவம் கிளீனரின் குழாயை உள்பாகங்களின் அருகே கொண்டுபோகாதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கக்கூடும்.

தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடான காற்று, கண்ணாடி துடைக்கும் திரவம், பெட்ரோல், தின்னர், ஈரம் சொட்டும் துணி ஆகியவை எதுவும் கூடாது. பூச்சி மருந்தை லேப்டாப்பின் மேலோ துளையிலோ அடிக்கவே கூடாது.

லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதோ, மூடியை மட்டும் சாத்தித் தூங்க வைத்த நிலையிலோ சுத்தம் செய்யாதீர்கள். முழுவதும் அணைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை நாமே செய்வது

அமாவாசைக்குக் கடையைச் சுத்தம் செய்யும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்றே இதையும் வைத்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் போதும். தேவையானவை: சாயம் படாத புதிய பெயின்ட் பிரஷ் ஒரு அங்குல அகலத்தில் ஒன்று, கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதி ஒன்று, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்துணி ஒன்று.

முதலில் லேப்டாப்பை முழுவதும் அணையுங்கள். சார்ஜர், பிரின்டர், மவுஸ் எல்லா வயர்களையும் எடுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதானால் கழற்றுங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மாவு, மிளகாய் நெடி இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொள்ளுங்கள்.

அடிப்பாகத்துத் துளைகளையும் பக்கவாட்டுத் துளைகளையும் பிரஷ்ஷால், தூசி வெளிப்பக்கம் வருமாறு மெல்லக் கூட்டுங்கள். அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். பிறகு ரப்பர் ஊதியால் விட்டுவிட்டு ஊதுங்கள்.

விசைப்பலகைக்கு, லேப்டாப்பை இரு கைகளாலும் பிடித்து, கிட்டத்தட்ட நேர்செங்குத்தாகச் சாய்த்து, பின்புறம் மெல்லத் தட்டுங்கள். துகள்கள் உதிரும். எழுத்துகளின் இடுக்கில் பிரஷ்ஷை ஓட்டி, ஊதியால் ஊதுங்கள். எழுத்துக் கட்டைகளைக் கத்தியால் நெம்பிப் பார்க்க வேண்டாம். திரும்ப மாட்டுவது கடினம். திரையை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். கறை போகாவிட்டால் துணியை மட்டும் இலேசாக நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். திரையின் மேல் எதையும் தெளிக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் கடைகளில் அழுத்தக் காற்று டப்பா கிடைக்கிறது. ரிச்சி தெருவில் எளிதாக வாங்கலாம். அதைப் பயன்படுத்துவோர் டப்பாவை நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் கடுங்குளிர்ச்சியான திரவம் வெளியே வந்து கையையும் பொருளையும் பாதிக்கும். பல டப்பாக்களில் இருப்பது தீப்பற்றும் வாயு. ஆகவே விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு பக்கத்தில் கூடாது. விசிறி தெரிந்தால், பல் குத்தும் குச்சியால் அதன் இறக்கையை அசையாமல் நிறுத்திக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி கண்டபடி சுற்றினால் அதன் அச்சு கெடும்.

ஆண்டுக்கு ஒரு முறை திறப்பது

மேலே சொன்னது புதுத் தூசி சேராமல் காக்கும். தகடுகளின் வாயில் படிந்த அடை, திறந்தால்தான் வரும். திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு நீளம்; நீளத் திருகைத் தவறான இடத்தில் முடுக்கினால் போர்டில் துளை விழும். உள்ளிருக்கும் பேட்டரியின் இணைப்பை முதலில் எடுக்காமல் கை வைப்பதும் ஆபத்து. உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால், விற்றவரைக் கேட்காமல் திறக்கக் கூடாது.

கொடுக்குமுன் நாம் செய்ய வேண்டியவை உண்டு. கணக்கின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி., வங்கி ஆகியவற்றின் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தால் அகற்றுங்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தூசி எடுக்க அவை தேவையில்லை. கூடுமானால் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்குங்கள். பழைய மெஷினாக இருந்தால், மூளைக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் வெப்பப் பசை காய்ந்திருக்கும். அதையும் மாற்றச் சொல்லுங்கள். திறந்தபோது பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. லேப்டாப்பை ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பேட்டரியை மாற்ற வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

வருமுன் காப்பதே வணிகனுக்கு அழகு. லேப்டாப்பைச் சாக்கு மூட்டையின் மேலோ, துணியின் மேலோ, விரித்த பேரேட்டின் மேலோ வைக்காதீர்கள். அடித்துளை அடைபடும். கெட்டியான பலகையில், பின்பக்கம் ஒரு அங்குலம் உயரும்படி இரு மரத்துண்டு வைத்தாலே காற்று தாராளமாகப் போகும். மாவும் மிளகாயும் நிறுக்கும் இடத்திலிருந்து எட்ட வையுங்கள். மேசை விசிறி மாவுப் பக்கமிருந்து லேப்டாப்பை நோக்கி வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் கடை கூட்டி, தண்ணீர் தெளித்து, புழுதி அடங்கிய பிறகு மூடியைத் திறங்கள். தூசிக்குப் பயந்து, ஓடும் லேப்டாப்பை பிளாஸ்டிக் தாளால் போர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது மூச்சை அடைப்பதற்குச் சமம். இரவில் அணைத்து, ஆறிய பின் துணி உறை போடலாம்.

லேப்டாப் அல்ல, கணக்கு

தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது. பிள்ளைகள் படித்து முடித்த பின் கல்லாவுக்கு வந்து பில் போடும் மடிக்கணினிகளும் உண்டு. இனாமாக வந்தது கெட்டால் என்ன என்று நினைக்கலாம். இயந்திரம் இனாம், அதில் உள்ள கணக்கு இனாமல்ல. கணக்கு ஏடுகளை, ஆண்டு அறிக்கை தாக்கலுக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வணிகர்கள், 2023 ஆகஸ்ட் 1 முதல், வரிக்குரிய சரக்கை வணிகர்களுக்கு விற்கும்போது மின் விலைப்பட்டியல் எடுக்க வேண்டும். இயந்திரம் நின்றால் சரக்கும் நிற்கும். ஆகவே வாரம் ஒரு முறை கணக்கின் நகலை எடுத்து, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். எவ்வளவு கவனமாகத் துடைத்தாலும் இயந்திரம் ஒரு நாள் கெடத்தான் செய்யும். நகல் இருந்தால் அன்று நட்டம் இயந்திரத்தோடு போகும்.

ஆயுத பூஜைக்குத் தராசையும் படிக்கல்லையும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். இந்த ஆண்டு அதற்கு ஒரு வாரம் முன்பே லேப்டாப்பைத் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். மாவும் மசாலாவும் அதிகம் புழங்கும் கடையானால், கத்திரி வெயிலுக்கு முன் பங்குனியில் இன்னொரு முறை செய்யுங்கள். பூஜையன்று அதற்கும் சந்தனப் பொட்டு வையுங்கள், தவறில்லை. ஆனால் மூடியின் மேல் மட்டும் வையுங்கள். குங்குமமும் பொரியும் துளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுமாறு வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.